ஓயாத களைப்பும் அதன் மூலகாரணங்களும்

உழைப்பவர்க்குக் களைப்பு உண்டாவது இயற்கை. காலையில் குழித்தறியில் இறங்கி அந்தி சாயும் வரை நாடா ஓட்டும் நெசவாளரும், மஞ்சள் தோட்டத்தில் மடை மாற்றி நீர் பாய்ச்சிக் களையெடுக்கும் குடியானவரும் இரவில் அயர்ந்து உறங்குவர். உறங்கி எழுந்ததும் புதுத் தெம்பு பெறுவர். இது உடலின் ஒழுங்கு. இத்தகைய களைப்புக்கு மருந்து வேண்டுவதில்லை. உணவும் உறக்கமும் போதும்.

ஆனால் வேறொரு களைப்பு உண்டு. இரவெல்லாம் உறங்கியும் விடியலில் கை கால் கனக்கிறது. முன்பு ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் பாதி வழியிலேயே மூச்சு வாங்குகிறது. நான்கு நாளில் இறக்கிய பாவு ஆறு நாளாகியும் இறங்கவில்லை. இந்நிலை ஒரு நாள் இரு நாள் அன்றி, வாரக்கணக்கில் நீடிக்கின்றது. இக்கட்டுரை இந்த இரண்டாவது களைப்பைப் பற்றியதாகும்.

இதனால் விளையும் கேடு உடலோடு நிற்பதில்லை. துணி குறைந்தால் கூலி குறைகின்றது. கூலி குறைந்தால் சங்கத்தில் வாங்கிய கடனின் தவணை தவறுகின்றது. வீட்டார் "சோம்பல்" என்கின்றனர்; அண்டை அயலார் "வயதாகிவிட்டது" என்கின்றனர். களைத்தவர் டானிக் புட்டிக்கும், "தெம்பு ஊசி"க்கும், பகலில் ஐந்தாறு குவளைத் தேநீருக்கும் கைக்காசைச் செலவிடுகின்றார். மூலகாரணமோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கின்றது. ஆகவே காரணத்தை முறைப்படி தேடுவது எவ்வாறு என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

களைப்பு ஓர் அறிவிப்பு

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். களைப்பு தனியொரு நோயன்று. உடல் விடுக்கும் ஓர் அறிவிப்பே. கிணற்றில் நீர் இறைக்கும் மோட்டார் திணறினால், மின்சாரம் குறைந்திருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், கிணற்றிலேயே நீர் வற்றியிருக்கலாம். திணறல் ஒன்றே, காரணங்கள் பல. எதுவென்று பாராமல் மோட்டாரை மாற்றுபவருக்குப் பணம்தான் நட்டம்.

உடலும் அவ்வாறே. தசை வேலை செய்ய எரிபொருளாக உணவு வேண்டும். அதனை எரிக்கப் பிராணவாயு வேண்டும். அவ்வாயுவைச் சுமந்து செல்ல நல்ல இரத்தமும், இரத்தத்தைச் செலுத்த நல்ல இருதயமும் வேண்டும். எரிந்தபின் எஞ்சும் கழிவை அகற்றச் சிறுநீரகம் வேண்டும். இவற்றையெல்லாம் பழுதுபார்க்க உறக்கம் வேண்டும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் வெளியே தெரிவது களைப்பு ஒன்றே.

பம்பாய் ஆலைப் பெண்களும் குன்னூர் ஆய்வும்

காரணத்தைத் தேடும் முறைக்கு நம் நாட்டிலேயே, அதிலும் நம் மேட்டுப்பாளையத்திற்கு மேலேயுள்ள குன்னூரோடு தொடர்புடைய ஒரு சிறந்த சான்று இருக்கின்றது.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில நாட்டுப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் வெளிறி, சோர்ந்து, மூச்சு வாங்கி, பலர் மாண்டும் போயினர். அதன் காரணத்தை அறிவதே அவர் வந்த நோக்கம். ஹாஃப்கின் ஆய்வுநிலையத்தில் அவர் பணி தொடங்கியது. இது ஏதோ கிருமியால் வரும் தொற்று நோயோ என்பது அக்காலத்தில் எழுந்த ஐயங்களுள் ஒன்று.

வில்ஸ் அம்மையார் எந்த ஊகத்தையும் அப்படியே ஏற்கவில்லை. தொற்றுக்குரிய அடையாளங்கள் உண்டா என்று பார்த்தார். இரத்தத்தை உருப்பெருக்கியில் நோக்கினார்; சிவப்பணுக்கள் குறைந்திருந்ததோடு, இருந்தவை வழக்கத்திற்கு மாறாகப் பருத்திருந்தன. அப்பெண்கள் என்ன உண்கின்றனர் என்று விசாரித்தார். அவர்களுடைய உணவில் காய்கறியும் கீரையும் பாலும் மிகக் குறைவு என்பது தெரிந்தது.

குன்னூரில் 1907-இல் அமைந்த பாஸ்டர் நிலையத்தில், 1918 முதல் ராபர்ட் மக்காரிசன் என்பார் உணவுக் குறையால் வரும் நோய்களை ஆராய்ந்துவந்தார். தீட்டிய அரிசியையே உண்பதற்கும் 'பெரிபெரி' என்னும் நோய்க்கும் உள்ள தொடர்பே அங்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள். வில்ஸ் அம்மையார் 1929-இல் அங்கு வந்து தம் ஆய்வைத் தொடர்ந்தார். பம்பாய்ப் பெண்கள் உண்டதைப் போன்ற உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் சோகை கண்டது. ஆனால் எலிகளிடம் பேன் வழியாகப் பரவும் ஒரு தொற்றும் இருந்தமையால் முடிவு குழம்பிற்று. எனவே அவர் குரங்குகளை வைத்து மீண்டும் சோதித்தார். இறுதியில், மதுபானம் வடிக்குமிடத்தில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் 'மார்மைட்' என்னும் மலிவான சாறு இச்சோகையைத் தீர்த்தது. நோயுற்ற பெண்களுக்கும் அதுவே பயன்பட்டது. இம்முடிவு 1931-இல் வெளியாயிற்று.

அச்சாற்றில் இருந்த சத்து யாதென்பது அப்போது விளங்கவில்லை. 1941-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பசலைக்கீரை வகையொன்றின் இலையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு 'ஃபோலிக் அமிலம்' எனப் பெயரிட்டனர். இன்று கருவுற்ற தாய்மார்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு இருப்பது இச்சத்தே. குன்னூர் ஆய்வுக்கூடமும் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாதுக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க படிப்பினை மூன்று. முதற்கண், "ஏழைப் பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள்" என்று விட்டுவிடாமல் காரணம் உண்டென்று நம்புதல். இரண்டாவது, ஊகித்து மருந்து கொடாமல் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தல். மூன்றாவது, ஒருவர் என்ன உண்கிறார், எங்கு வேலை செய்கிறார், எப்படி வாழ்கிறார் என்பதைக் கேட்டறிதல். இம்மூன்றும் நம்மவர்க்கும் பொருந்தும்.

இரத்தசோகையின் வகைகள்

நம் நாட்டில் ஓயாத களைப்புக்கு முதலில் ஐயுறத்தக்கது இரத்தசோகையே. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கும் இக்குறை இருந்தது. அதாவது நம் நெசவாளர் குடும்பங்களில் பாவோட்டும், நூல் சுற்றும், களையெடுக்கும் பெண்களில் பாதிப்பேர்க்கு இக்குறை இருக்கக்கூடும்.

இரத்தத்தின் செந்நிறப் பொருளே பிராணவாயுவைச் சுமப்பது. அதன் அளவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமும், பெண்களுக்கு 12 கிராமும், கருவுற்றோர்க்கு 11 கிராமும் இருத்தல் வேண்டும். குறைந்தால் இருதயம் அடிக்கடி துடித்து ஈடு செய்ய முயல்கின்றது. அதனால்தான் படபடப்பும் மூச்சு வாங்குதலும் தோன்றுகின்றன. மெல்லக் குறையும் சோகைக்கு உடல் பழகிக்கொள்வதால், 8 கிராம் உள்ளவரும் தறியில் உட்கார்ந்து வேலை செய்வதுண்டு. ஆனால் பாதி வேலைக்கு முழு உழைப்பைச் செலவிடுகின்றார்.

இச்சோகை பல வகைப்படும். முதலாவது, இரும்புச் சத்துக் குறைவால் வருவது. இதில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். மாதவிடாயில் மிகுதியான போக்கு, அடுத்தடுத்த பேறு, மூலம், குடற்புண் ஆகியவற்றால் இரத்தம் கசிதல், உணவில் இரும்பு போதாமை ஆகியன காரணங்கள். பச்சரிசியை வாயிலிட்டு மெல்லும் ஆசை, மண், சாம்பல், சுவர்க்காரை ஆகியவற்றைத் தின்னும் விருப்பம் ஆகியவற்றை வீட்டார் கெட்ட பழக்கமெனக் கடிந்துகொள்வர். பெரும்பாலும் அவை இரும்புக் குறைவின் அடையாளங்களாகும்.

இரண்டாவது, கொக்கிப்புழுவால் வருவது. இதுவும் முடிவில் இரும்பிழப்பே. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள இப்புழு, மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, சிறுகுடலில் பற்றி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. ஒரு புழு உறிஞ்சுவது மிகச் சிறிதே. நூற்றுக்கணக்கில் பெருகினால் இழப்பு பெரிதாகும். வாழை, மஞ்சள், கரும்புத் தோட்டங்களில் ஈரவரப்பில் வெறுங்காலோடு நிற்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று புழுவை அகற்றும். கருவுற்றோர் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. கழிப்பிடமும் காலணியும் இல்லையேல் புழு மீண்டும் வரும்.

மூன்றாவது, ஃபோலிக் அமிலமோ 'பி 12' என்னும் ஜீவசத்தோ குறைவதால் வருவது. இதில் அணுக்கள் பருத்திருக்கும். பி 12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உள்ளது. மரக்கறி உணவினரில் பாலும் தயிரும் குறைவாக உண்போர்க்கும், நீரிழிவுக்காக 'மெட்ஃபார்மின்' மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்போர்க்கும் இக்குறை நேரலாம். பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி ஆகியன உடன் தோன்றினால் இதனை ஐயுற வேண்டும். பி 12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டால், இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்போ தொடர்ந்து கெடும். ஆகவேதான் வகையறியாமல் மருந்து உண்ணுதல் தகாது என்கின்றோம்.

இரத்த அணுக்களின் முழுக்கணக்கு என்னும் ஒரே பரிசோதனையில் செந்நிறப் பொருளின் அளவோடு அணுவின் பருமனும் தெரியும். பருமன் 80-க்குக் கீழ் இருந்தால் சிறுத்தது. 100-க்கு மேல் இருந்தால் பருத்தது. இவ்விரு எண்களையும் அங்கத்தினர் தம் சீட்டில் தாமே பார்த்து, மருத்துவரிடம் கேட்கலாம்.

உண்பதும் உழைப்பதும்

சுறுசுறுப்பாக உழைப்பவர் களைத்துப்போவதற்கு மிக எளிய காரணம், உழைப்புக்கேற்ற உணவின்மை. 2020-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த அளவுப்படி, உட்கார்ந்து பணியாற்றும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரியும், நடுத்தர உழைப்பாளிக்கு 2710-ம், கடின உழைப்பாளிக்கு 3470-ம் தேவை. பெண்களுக்கு முறையே 1660, 2130, 2720. அதாவது ஒருவர் அறுவடைக் காலத்தில் கடின உழைப்பில் இறங்கும்போது, மற்ற நாளில் உண்பதைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக உண்ண வேண்டும். பலர் வேலை மிகுந்த நாளிலேதான் காலை உணவைத் தேநீரோடு முடித்துக்கொள்கின்றனர். இது விதைநெல்லைச் செலவிட்டு வெள்ளாமை செய்ய நினைப்பது போன்றதே.

இரும்புச் சத்து நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் வேண்டுமென அதே அளவு கூறுகின்றது. இனி நம் தானியங்களைப் பார்ப்போம். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதே அளவு சோளத்தில் ஏறத்தாழ 4, கேழ்வரகில் 4½, கம்பில் 6-க்கு மேல். கொங்கு நாட்டின் மானாவாரிக் காடுகளில் விளைந்த கம்பும் சோளமும் ஒரு தலைமுறைக்கு முன் நம் அன்றாட உணவாயிருந்தன. சம்பா அரிசியே கௌரவமென்று கருதிய காலம் வந்து, களியும் கம்பஞ்சோறும் அடுப்பை விட்டு அகன்றன. கிழமைக்கு மூன்று நான்கு வேளையேனும் அவற்றை மீட்பது நன்று. அரிசி உண்பவர் புழுங்கலரிசியைக் கைக்கொள்ளலாம். நெல்லை அவிக்கும்போது உமியடுத்த சத்துகள் மணிக்குள் இறங்குவதால், தீட்டும்போது அவை முழுதும் கழிந்துபோவதில்லை.

தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் ஒரு சிறு பங்கையே உடல் ஏற்கும். அப்பங்கைப் பெருக்குவது நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றின் புளிப்புச் சத்து. குறைப்பது தேநீரும் காப்பியும். ஆகவே உணவோடு தேநீர் வேண்டா. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டு அருந்துக. களையெடுக்கும்போது கிடைக்கும் பண்ணைக்கீரையும், வேலியோர முருங்கையும், கொள்ளும் பச்சைப்பயறும் காசில்லாமலோ சிறு காசிலோ கிடைப்பன. முட்டை உண்போர் அதனைக் குழந்தைகட்கு மட்டுமென ஒதுக்காமல் வீட்டுப் பெண்களும் உண்ணும்படி செய்தல் வேண்டும். கடைசியில் எஞ்சியதை உண்பதே பெண்ணின் வழக்கமாயுள்ள வீட்டில், சோகையும் அவளிடமே தங்குகின்றது.

தொழிலோடு வரும் காரணங்கள்

கோயமுத்தூரில் 1888-இல் முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பஞ்சோடு பஞ்சுத்தூசியும் நம் வாழ்வில் கலந்தது. பருத்தித் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போர்க்குப் 'பிஸினோசிஸ்' என்னும் மார்புநோய் வரலாம். அதன் தொடக்க அடையாளம் ஒன்று விந்தையானது: விடுமுறைக்குப்பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகி மூச்சு முட்டும், மறுநாள் தணியும். பிறகு எல்லா நாளும் நீடிக்கும். முதல் நாள் மட்டும் வரும் நிலையிலேயே தூசியிலிருந்து விலகினால் பெரும்பாலும் தேறலாம். பஞ்சு அரைக்குமிடம், கழிவுப்பஞ்சு பிரிக்குமிடம், நூற்பாலையின் முதற்கட்டப் பிரிவுகள் ஆகியவற்றில் வேலை செய்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். இது தொழில்நோயாகச் சட்டத்தில் ஏற்கப்பட்டு நட்டஈட்டுக்கு உரியதாகும்.

குழித்தறியோர்க்கு வேறொரு குறை. காலை முதல் மாலை வரை கூரையின் கீழ் இருப்பதால் வெயில் படுவதில்லை; வெயிலால் தோலில் உண்டாகும் 'டி' ஜீவசத்து குறைந்து, எலும்பும் தசையும் நோகும்; இடுப்பும் தொடையும் தளரும். பகலில் சிறிது நேரம் கை கால்களில் வெயில் படும்படி வெளியே நடத்தல் எளிய தற்காப்பு.

பயிரிடுவோர்க்குப் பூச்சிமருந்து ஒரு காரணம். பாஸ்பரஸ் வகை மருந்துகள் தோல் வழியாகவும் உடலிற் புகும். நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தியை முடித்துவைக்கும் ஒரு பொருளை அவை செயலிழக்கச் செய்கின்றன. மிகுதியாகப் புகுந்தால் வாயில் நீரூறுதல், வியர்வை, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் தோன்றும்; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறிது சிறிதாகப் புகுந்தாலோ தலைவலி, குமட்டல், தளர்ச்சி மட்டுமே தெரியும். மருந்தடித்த மறுநாள் தோறும் களைப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்க. ஈரமான புகையிலை இலையைக் கையால் ஒடிப்போர்க்கும் நிக்கோட்டின் தோலில் ஊறி மயக்கமும் குமட்டலும் வரும். நீண்ட கைச்சட்டையும் கையுறையும், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுதலும் இரண்டுக்கும் பொதுவான காப்பு.

கோடையில் வெயிலே ஒரு காரணம். வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. தாகம் தோன்றும் வரை காத்திராமல் வேலைக்கிடையே அடிக்கடி நீரும், இடையிடையே உப்பிட்ட நீர்மோரும் பருக வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்பது பொருள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நீர் குறைந்து உழைப்போரிடம் சிறுநீரகம் நலிவதை மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் கண்டறிந்துள்ளனர். ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் உழவரிடையே காரணம் முழுதும் தெளியாத சிறுநீரக நோய் பரவியுள்ளது. உடல்வலிக்கென்று கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலிமாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மறைந்திருக்கும் நோய்கள்

நீரிழிவு இன்று நகரத்து நோயன்று. 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் தசைக்குள் அது புகாமையால், மடை நிறைய நீர் ஓடியும் வயல் காய்வதுபோல் உடல் தளர்கின்றது. அடிக்கடி சிறுநீர், மிகுந்த தாகம், ஆறாத புண், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை துணை அடையாளங்கள்.

கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மந்தமானால் களைப்போடு குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல், முடி உதிர்தல், தோல் வறளுதல் தோன்றும். பெண்களுக்கு இது மிகுதி. ஒரே இரத்தப் பரிசோதனையில் தெரியும். நாளொன்றுக்கு ஒரு மாத்திரையில் சீராகும்.

காசநோயை மறத்தலாகாது. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இவற்றோடு களைப்பும் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். முன்னாளில் இந்நோயென்றால் வீட்டைப் பிரிந்து சானடோரியத்தில் கிடக்க வேண்டுமென்ற அச்சம் இருந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையமே, வீட்டிலிருந்து மருந்துண்போரும் சானடோரியத்தில் இருப்போரைப் போலவே குணமடைகின்றனர் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. இன்று அரசு மருந்து இலவசம். உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளிக்கப்பட்டு, 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

உறக்கமும் மனமும்

விசைத்தறியில் இரவுமுறையில் வேலை பார்ப்போர் பகலில் உறங்குவது இரவு உறக்கத்திற்கு ஈடாவதில்லை. முதிர்ந்தவர்க்கும் ஏழு மணி நேர உறக்கம் வேண்டும். இரவில் உரத்த குறட்டையும், நடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதும், பகலில் தறிமேலேயே கண் சொருகுவதும் உள்ளவர்க்கு, உறக்கத்தில் மூச்சடைப்பு இருக்கக்கூடும். எட்டு மணி நேரம் படுத்தும் அவர் உறங்கவில்லை என்பதே உண்மை. இதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும். உடனுறங்குவோர் கண்டது இங்கு முக்கிய சாட்சி.

கடன், மழையின்மை, குடும்பத் துயரம் ஆகியவற்றால் மனம் சோர்ந்தவர்க்கும் உடலே களைக்கின்றது. எதிலும் விருப்பமின்மை, விடியலில் முன்னதாகவே விழிப்பு, பசியின்மை, "இருந்து என்ன பயன்" என்னும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால், அது மனவலிமைக் குறையன்று. மருந்தாலும் ஆறுதலாலும் தீரக்கூடிய நோய். 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் 2022 முதல் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

தேடும் வரிசை

களைப்பு மூன்று வாரத்திற்கு மேல் நீடித்தால் பின்வரும் வரிசையில் தேடுக.

முதலில் ஒரு நோட்டில் பதினான்கு நாள் எழுதுக: எப்போது உறங்கி எப்போது எழுந்தோம், என்ன உண்டோம், எத்தனை தேநீர், என்ன வேலை, மருந்தடித்தோமா, களைப்பு எந்த நேரத்தில் மிகுந்தது. காலையிலேயே களைப்பு என்றால் உறக்கத்தையும் மனத்தையும், உழைக்கும்போது மட்டும் மூச்சோடு வந்தால் இரத்தம், நுரையீரல், இருதயம் ஆகியவற்றையும் முதலில் ஐயுறுதல் தகும்.

பிறகு அந்நோட்டோடும், உண்டுவரும் எல்லா மாத்திரைகளோடும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. இரத்த அணுக்களின் முழுக்கணக்கு, சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், தைராய்டு ஆகியவை பெரும்பாலான காரணங்களைக் காட்டிவிடும். தேவைக்கேற்ப மலமும் சளியும் பார்க்கப்படும்.

சோகை என்று தெரிந்தால், இரும்பு மாத்திரையைத் தொடங்குவதோடு இரத்தம் எங்கே போயிற்று என்றும் கேட்க வேண்டும். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் சோகை காணின் குடலில் இரத்தக்கசிவு உண்டா எனப் பார்ப்பது இன்றியமையாதது. மாத்திரையைத் தேநீரோடு உண்ணலாகாது. மலம் கறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. தெம்பு வந்ததும் நிறுத்திவிடாமல், அளவு நிறைவடைந்தபின்னும் மூன்று மாதம் தொடர்ந்தாலே உடலின் இருப்பு நிரம்பும்.

மார்வலி, இருக்கும்போதே மூச்சு முட்டல், மயக்கம், இரத்தவாந்தி, மாத்திரை உண்ணாதபோதே தாரைப்போல் கறுத்த மலம், விரைவான எடைக்குறைவு ஆகியவை இருந்தால் இவ்வரிசைக்குக் காத்திராமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்க.

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் களைப்பு நீங்காதவர் உண்டு. அவர்களைப் "பாசாங்கு" என்று கூறுதல் அறமன்று. உணவு, உறக்கம், வேலை அளவு ஆகியவற்றைச் சீர்செய்து, சில வாரத்திற்குப் பின் மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும். முதலில் தெரியாத காரணம் பிறகு தெரிவதுண்டு.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவர் செய்ய இயலாததைச் சேர்ந்து செய்வதற்கே சங்கம். ஆண்டுக்கொரு நாள், கூலிப் பட்டுவாடாவன்றே, சுகாதார நிலையத்தாரை அழைத்து அங்கத்தினர் குடும்பம் முழுவதற்கும் இரத்தமும் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கச் செய்யலாம். பெண்கள் தனித்து வந்து காட்டிக்கொள்ளும்படி நேரம் ஒதுக்குதல் வேண்டும். தறிக்கொட்டகைக்குச் சாளரமும், பஞ்சு கையாள்வோர்க்கு முகமறைப்பும், மருந்தடிப்போர்க்குக் கையுறையும் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். கம்பும் கேழ்வரகும் விளைவிக்கும் அங்கத்தினரிடமிருந்து வாங்கி, நெய்யும் அங்கத்தினருக்குச் சங்கப் பண்டகசாலை வழியாக விற்றால் இரு சாராருக்கும் நன்மை. தவணை தவறியவரிடம் வசூலுக்குச் செல்லும் காரியஸ்தர், "உடம்புக்கு என்ன?" என்றும் ஒரு வார்த்தை கேட்பாராயின், கடனோடு காரணமும் வெளிப்படும்.

நூல் அடிக்கடி அறுந்தால் நெசவாளர் நூலின் மீது கோபம் கொள்வதில்லை. விழுதையும் பண்ணையையும் அச்சையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கின்றார். தம் உடலையும் தம் வீட்டாரின் உடலையும் அதே பொறுமையோடு நோக்குவாராக.